முதலாம் நிரை எந்தப் பக்கம்?

போன மாதம் இரண்டு பேர் என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தார்கள். உயிர்த்தகவலியலில் முதுகலைப் படிப்பு படிக்கிறவர்கள். உயிரணுவுக்குள் இருக்கும் எழுத்துகளைக் கணினியில் போட்டு, எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கிற படிப்பு அது. இருவரிடமும் மடிக்கணினி இருந்தது. அன்றைக்கு வீட்டில் மின்சாரம் போய், பற்றரியும் தீர்ந்துவிட்டதால் இரண்டையும் மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மேடம், தேயிலைக்கு இந்த வேலைய மொதல்ல தொடங்குன ஆள்கள்ள நீங்களும் ஒருத்தங்க. நீங்க செஞ்ச பெரிய வேலை ஒண்ண எழுதிக் குடுங்க. எங்க பயிற்சிக் கையேட்டுல போடணும்" என்றாள் அவர்களில் ஒருத்தி.

பயிற்சிக் கையேடு என்றால் எனக்குத் தெரியும். அதில் எல்லோரும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்வார்கள். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் அம்புக்குறி போட்ட படம் இருக்கும். நான் செய்த பெரிய வேலை ஒன்றுதான், அதற்கு அம்புக்குறி போட முடியாது. ஆனாலும் கேட்டுவிட்டார்கள். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நுவரெலியா பக்கத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். கணினியைத் தொட்டதே இல்லை. அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் என்னைக் கணினி உயிரியல் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பியிருக்க வேண்டும். ஆறு மாதம் படித்துவிட்டுப் பதினொரு பிளாப்பி தட்டுகளோடு திரும்பி வந்தேன். நுவரெலியா பனியில் அவற்றில் நான்கு பூஞ்சணம் பிடித்துச் செத்தன. மிச்சத்தைக் காப்பாற்ற ஒரு மர அலமாரிக்குள் அறுபது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு வைத்தோம். நிலையத்திலேயே சூடான இடம் அந்த அலமாரிதான். பெரிய அதிகாரிகள் ஆராய்ச்சியில் அக்கறை காட்டுவதுபோல் வந்து, அதைத் திறந்து, கை காய்ச்சிக்கொண்டு போவார்கள்.

கணினி ஒன்றுதான் இருந்தது. கீழே தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் இங்கே திரை சுருங்கிவிடும். அதனால் தேயிலையை ஆராய வேண்டுமானால் தேயிலை அரைக்காத நேரமாகப் பார்த்துத்தான் ஆராய வேண்டியிருந்தது.

எனக்கு மேலதிகாரி கலாநிதி சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு மாதமும் ஒரே மண்ணிறக் கம்பளிச் சட்டை. என் முதுகலை ஆய்வுக்கும் அவர்தான் மேற்பார்வையாளர். அவர் யாரையும் திட்ட மாட்டார். அதற்கு அவருக்கு வேறு வழி இருந்தது. நாம் கொடுக்கும் தாளை வாசித்துவிட்டு, வலது மேல் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். எதற்கு என்று சொல்ல மாட்டார். கேட்டால், "பாரும் பிள்ளை, ஒருக்கா திருப்பிப் பாரும்" என்பார். பார்ப்போம். இல்லாத பிழைகளையெல்லாம் கண்டுபிடிப்போம். திட்டு வாங்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

வேலை முறையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. தேயிலை இலையிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்து, ஒளிக்கு மேல் வைத்துப் படம் எடுத்தால் கோடு கோடாகத் தெரியும். கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். அவர் அடிமட்டக் கோலை வைத்துப் பார்த்துச் சொல்ல, நான் கட்டத்தாளில் எழுத வேண்டும். எந்தச் செடியின் படம் என்று அவருக்குத் தெரியக்கூடாது. பெயரை ஒரு காகிதத்தால் மூடிவிடுவோம். தெரிந்தால் கண் பக்கம் சாயுமாம். பிறகு இடம் மாறி உட்கார்ந்து, நான் சொல்ல அவர் எழுத வேண்டும். அவர் 'ஒண்டு' என்பார், நான் 'ஒண்ணு' என்பேன். இரண்டு தாளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கணினியின் மேலிருக்கும் துணியை எடுப்பார். கணினி அந்த ஒன்றையும் பூச்சியத்தையும் வைத்து எந்தச் செடி எதற்கு நெருங்கிய உறவு என்று ஒரு மரம் வரைந்து தரும். கிளை கிளையாகப் பிரியும் உறவுமரம். எங்கள் சாப்பாடே அந்த மரம்தான்.

அந்த நாட்களில் ஒருமுறை கொழும்பிலிருந்து தேயிலையின் மரபணு எழுத்துவரிசை அச்சிட்ட தாள்களை நான் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எழுபது பக்கம். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் மட்டும், இடைவெளி கூட இல்லாமல். யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பையில் எழுபது பக்கச் சங்கேதம். "மேக்க மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார் அங்கிருந்த சார்ஜன்ட். தேயிலை என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தேயிலை என்றால் வாசி என்றார். நடுரோட்டில் நின்று ஒன்றரைப் பக்கம் வாசித்தேன். என் வாழ்நாளில் ஓர் ஆய்வை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. கடைசியில் ஒரு பக்கத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். நிலையத்துக்கு வந்து சிவபாதம் சேரிடம் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தினையாம் பக்கம், பிள்ளை?"

இனி அந்தப் பெரிய வேலைக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதியையும் மலை என்போம்; அங்கே எட்டாம் நம்பர் மலையில் புதிதாக நட்ட செடிகள் அப்போதுதான் கொழுந்து எடுக்கும் பருவத்துக்கு வந்திருந்தன. கொப்புள நோய் பிடிக்காத நல்ல இனம் என்று எங்கள் நிலையம்தான் தாய்ச்செடி கொடுத்திருந்தது. ஒரு கிளையை வெட்டி நட்டால் அதே இனம் அப்படியே வரும். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் மழைக்கே பல நிரைகளில் இலையெல்லாம் கொப்புளம். யாரோ வேறு இனத்தைக் கலந்துவிட்டார்கள் என்றது தோட்டம். எந்த நிரையில் கொப்புளம், எந்த நிரையில் இல்லை என்று அன்றைக்கே எழுதி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோட்டம் அப்படிச் செய்யவில்லை. மலை முழுக்க மருந்தடித்து, நோயின் தடத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு, அதன் பிறகு விஞ்ஞானத்தைக் கூப்பிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவள் மாரியாயி. தோட்டத்தின் நாற்றுத் தவறணையைப் பல வருடமாகப் பார்த்தவள். வெட்டிய கிளைகளைப் பையில் ஊன்றி, எந்தப் பாத்தியில் எந்த இனம் என்று பலகை நட்டு வைப்பது அவள் பொறுப்பு. அவள்தான் பலகையை மாற்றிவிட்டாள் என்று தோட்டத்துக் கண்டாக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கண்டாக்கு என்றால் மலையில் வேலை பார்க்கும் உத்தியோகத்தர், தோட்ட நிர்வாகியான துரைக்கு அடுத்த துரை. விசாரணை முடியும்வரை மாரியாயிக்கு வேலை இல்லை. குற்றம் உறுதியானால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து அறையான காம்பிராவும் போய்விடும். அவள், சுகமில்லாத புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரு காம்பிராவில்தான் இருந்தார்கள். அவர்கள் அதில் தொடர்ந்து இருப்பதா வெளியே போவதா என்பதை என் உறவுமரம் சொல்ல வேண்டும்.

நானே மலைக்குப் போனேன். சிவபாதம் சேர் வரவில்லை. அட்டை கடிக்கும். எட்டாம் நம்பரில் நாற்பது நிரை. நிரைக்கு ஒரு செடியாக நாற்பது செடியில் இலை பறித்து, ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்த அலுமினியத் தகட்டைக் கட்டினேன். தோட்டத்து நடுகைப் பதிவேட்டின் பிரதி என்னிடம் இருந்தது. ஒன்று முதல் இருபதாம் நிரை வரை மாரியாயியின் தவறணைக் கன்று. நாற்று போதாமல் போனதால் இருபத்தொன்று முதல் நாற்பது வரை வெளியிலிருந்து லொறியில் வாங்கிய கன்று. இதைவிட வசதியான சோதனையைப் பாடப்புத்தகத்தில்கூடப் பார்க்க முடியாது.

நிலையத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. பெயரை மூடினோம். ஒண்டு, பூச்சியம், ஒண்ணு, பூச்சியம். இரண்டு தாளும் ஒத்துப்போயின. கணினி வரைந்த மரம் இரண்டே கிளையாகப் பிரிந்தது. இருபத்தொன்று முதல் நாற்பது வரை எங்கள் தாய்ச்செடியோடு ஒட்டி நின்றன. ஒன்று முதல் இருபது வரை தூரத்தில் தனியாக நின்றன. அதாவது வாங்கிய கன்று சுத்தம், மாரியாயியின் கன்று கலப்படம். அழகான மரம். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமாகவே அதைப் போட்டுவிடலாம் என்று வண்ணத்தில் அச்செடுத்தேன்.

அறிக்கையைக் கொடுத்தேன். மூலையில் கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. ஒரு வாரம் தேடினேன். கோடுகளை மறுபடி வாசித்தேன். வேறு கணக்கு முறையில் மரம் வரைந்தேன். ஆயிரம் தடவை கலைத்துப் போட்டு வரையச் சொன்னேன், ஆயிரம் தடவையும் அதே இரண்டு கிளைதான் வந்தது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்று சத்தியம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டேன். இப்போதும் செய்வேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன், அறிக்கை தோட்டத்துக்குப் போனது.

விசாரணை தோட்டத்து ஆபீசில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இளவயதுத் துரை, பக்கத்தில் கண்டாக்கு. இந்தப் பக்கம் தொழிற்சங்கத் தலைவர், அவருக்கு முன்னால் பிஸ்கட் தட்டு. மாரியாயியைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். நான் வண்ண மரத்தை விரித்து விளக்கினேன். துரைக்கு மிகவும் பிடித்துவிட்டது. இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கண்டாக்கு தலையாட்டிக்கொண்டே இருந்தார். தலைவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "விஞ்ஞானம் சொன்னா நாம என்னங்க செய்றது" என்றார். சங்கம் தன் கடமையை முடித்துக்கொண்டது.

மாரியாயியிடம் ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று துரை கேட்டார். அவள் மேசைக்கு வந்து தாளைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இந்த சிவப்பா இருக்கிறது எந்த நெரைங்க?"

"ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும்."

"மொத நெரைன்னு நீங்க தகடு கட்டுனது ஆத்தோரத்துலதானுங்களே? நீங்க கட்டுன அன்னைக்கு எம் மக அந்த மலையிலதான் கொழுந்து எடுத்தா. பாத்துட்டு வந்து சொன்னா."

"ஆமா. கீழ, ஆத்தோரத்துல."

"அது எங்க தவறணைக் கன்னு இல்லீங்களே அம்மா. அது லொறியில வந்த கன்னு. எங்க கன்னு மேல் ரோட்டுக்கு அடியில இருக்கு. நான்தானே தூக்கிக் குடுத்தேன்."

"அவ எதையாவது சொல்லுவா சேர்" என்றார் கண்டாக்கு, கொஞ்சம் அவசரமாக.

 நடுகை வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கிளாக்கர் அலமாரியைக் குடைந்து எடுத்து வந்தார். மேல் ரோட்டை ஒட்டி 'ஒன்று' என்று துரைமார் எழுத்தில் அழகாக எழுதியிருந்தது. ஆற்றங்கரையில் நாற்பது.

இது எப்படி நடந்தது என்று கையேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கொழுந்து எடுப்பவர்கள் நிரையைக் கீழேயிருந்து பிடிப்பார்கள். கூடை காலியாக இருக்கும்போது அடியில் தொடங்கி, நிறைய நிறைய ஏறி, மேல் ரோட்டில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அதனால் அடியில் இருப்பதுதான் முதல் நிரை. என் அம்மா அப்படித்தான் எண்ணினாள். நானும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அப்படித்தான் எண்ணக் கற்றுக்கொண்டேன். ஆபீசில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வரைபடம் வரைகிறவர்கள் மேலேயிருந்து எண்ணுவார்கள் என்பது என் மூளைக்கு வரவே இல்லை. பல்கலைக்கழகமும் வெளிநாடும் பதினொரு பிளாப்பியும் சேர்ந்தும் அதை என் தலையிலிருந்து எடுக்கவில்லை. பெயரை மூடி, இரண்டு முறை வாசித்து, ஆயிரம் தடவை கலைத்துப் போட்டுப் பாதுகாத்தோமே, அதெல்லாம் தலைகீழான நம்பரைத்தான் பாதுகாத்தது.

துரை மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: அறிக்கையில்தான் கையெழுத்து விழுந்துவிட்டதே, மேடம் சிரமப்பட வேண்டியதில்லை. அவர் எனக்கு நல்லதுதான் செய்யப் பார்த்தார். சரி என்றிருந்தால் என் நான்காம் அத்தியாயம் பிழைத்திருக்கும், என் பட்டமும் அந்த வருடமே வந்திருக்கும். இரண்டு மூச்சு நேரம் அதை யோசித்தேன். அந்த இரண்டு மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"மலைக்குப் போவோம் சேர்" என்றேன்.

எல்லோரும் போனோம். தலைவர்கூட பிஸ்கட்டை விட்டுவிட்டு வந்தார். ஆற்றோரத்தில் என் தகடு, நம்பர் ஒன்று, என் கையால் கட்டிய கம்பியோடு அப்படியே இருந்தது. மாரியாயி அந்தச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளித் திருப்பிக் காட்டினாள். பிறகு மேலே ஏறி, நாற்பதாம் தகட்டுச் செடியில் ஒன்றைக் கிள்ளி வந்தாள். மேலே எடுத்த கொழுந்தின் அடியில் வெள்ளையாகப் பூனைமுடி இருந்தது, கீழே எடுத்ததில் இல்லை. "முடி இருந்தா நீங்க குடுத்த எனம். தடவிப் பாத்தாலே தெரியும்ங்க" என்றாள். மூன்று மாதமாக அவளிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அவள் குற்றவாளி, அவளிடம் எப்படிக் கேட்பது?

நிலையத்துக்குத் திரும்பி சிவபாதம் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், அந்த அறிக்கையில கேள்விக்குறி போட்டீங்களே. இது உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருச்சா?"

"இல்லை பிள்ளை. நீர் பக்க இலக்கம் போடேல்லை. அதுக்குத்தான்."

பிறகு அந்த அறிக்கையின் பிரதியை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்குப் போய், தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் போடவில்லை. அவர் எனக்குக் காட்டிய பெரிய இரக்கம் அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிழை எங்களுடையது என்றும், கலப்படம் வாங்கிய கன்றில்தான் என்றும் திருத்த அறிக்கை அனுப்பினோம். தோட்டத்திலிருந்து பதில் வந்தது. 'ஆய்வுகூடப் பிழை காரணமாக விசாரணை கைவிடப்படுகிறது.' அவ்வளவுதான். வாங்கிய கன்று யார் சொல்லி வாங்கப்பட்டது, எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் திருத்தத்தில் அவர்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண்டாக்கு அடுத்த வருடம் இன்னும் பெரிய தோட்டத்துக்குப் போனார், பெரிய உத்தியோகத்துக்கு. மாரியாயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தவறணையில் இல்லை, கொழுந்து எடுக்கும் வேலை. எங்கே என்று நினைக்கிறீர்கள்? எட்டாம் நம்பர் மலையில்தான்.

என் பட்டம் ஒரு வருடம் பிந்தியது. ஆய்வேட்டில் 'நிரைகள் ஆற்றங்கரையிலிருந்து மேல்நோக்கி எண்ணப்பட்டன' என்று ஒரு வரி சேர்த்தேன். இந்த வரி அவசியமா என்று வெளிநாட்டுப் பரிசோதகர் கேட்டிருந்தார்.

வேலை திரும்பக் கிடைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியாயியின் லயத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைத் தபாலில் கேட்க முடியாது. அவள் அடுப்பில் தேத்தண்ணி வைத்தாள். புருஷன் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். மூத்த பெண், என் தகட்டைப் பார்த்து வந்து சொன்னவள், வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நான் தயார் செய்து கொண்டுபோன பேச்சைப் பாதிவரை சொன்னேன். மாரியாயி கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க எந்தப் பக்கம்மா?"

"மஸ்கெலியா. எங்க அம்மாவும் கொழுந்துக்காரிதான்."

"அப்புடியா?" அவள் முகம் விரிந்தது. "அதான் பாத்தேன், ஆபீஸ் ஆளு எப்புடி கீழருந்து எண்ணுதுன்னு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொரை வீட்டுப் புள்ளையா இருந்தா மேலருந்து எண்ணியிருப்பீங்க. எங் கணக்கு அன்னைக்கே சரியா போயிருக்கும். நம்ம புள்ளையா போயிட்டதாலதானே என்னைய ஆபீஸ்ல குத்தவாளியா நிக்க வச்சீங்க!"

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற மகளிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் சீனி கொண்டுவரச் சொன்னாள்.